களைப்புக்கும் படிகள் உண்டு

விளையாட்டு என்றவுடன், 'அதற்கும் தமிழ்த்துறைக்கும் என்ன தொடர்பு?' என்று நம்முள் சிலர் வினவக்கூடும். விளையாட்டு விதிகளும் ஒருவகை இலக்கணமே என்பது எமது கருத்து.

மேசையைச் சுற்றி அமர்ந்து, பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டமொன்று 1974-இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பெயரில் வெளிவந்தது. அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு களைப்பினை ஆறு படிகளாக வகுத்தது. இரண்டாம் படியில் நடைவேகம் பாதியாகும். ஐந்தாம் படியில் நகரவே இயலாது. ஆறாம் படி இறப்பு. உண்டு, நீர் பருகி, நெடிது உறங்கினால் ஒரு படி குறையும். படிக்கொரு தண்டனை என்றால் நினைவிற் கொள்வது எளிதன்று. 2024ஆம் ஆண்டுத் திருத்தமோ, ஒவ்வொரு படிக்கும் பகடை எண்ணில் இரண்டும் நடையில் ஐந்தடியும் கழிவு என ஒரே சீராக்கியது.

இம்முறை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியக் களவியல், காதலர் உறும் நிலைகளை வேட்கை முதல் சாக்காடு ஈறாக ஒன்பதாய் நிரல்படுத்துகின்றது. நம் திண்ணைத் தாயத்திலோ, தாயம் விழாமல் காய் இறங்காது. எதிரியின் காயை வெட்டாமல் உட்கட்டம் புகலாகாது என்பது பல ஊர் வழக்கு. சுற்று முடித்த காய் 'பழம்'. காயின் நிலையை அது நிற்கும் கட்டமே காட்டிவிடும்.

ஆகவே, படிநிலை வகுப்போர் மூன்றினைக் கருதுதல் வேண்டும். படிகள் சிலவாக இருத்தல். பார்த்த அளவில் புலப்படுதல். ஏறிய களைப்பு இறங்க வழியிருத்தல். இவற்றுள் மூன்றாவதே தலையாயது.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். விடுமுறையில் தாமும் காய் பறிக்கச் செல்வோர் உண்டு. திங்கட்கிழமை அவர் கண் சொருகினால் 'சோம்பேறி' என்கின்றோம். வருகைப் பதிவேடு அறிந்தவை இரண்டே நிலைகள்: உளர், இலர். இடைப்பட்ட படிகளை நாம் எண்ணாமல் விட்டுவிட்டு, ஒருநாள் அவர் பெயருக்கு நேரே 'படிப்பை நிறுத்திவிட்டார்' என்று எழுதுகின்றோம்.

மாணவச் செல்வங்களே! இம்மலைச்சாரலையே களமாக்கி ஓர் ஆட்டம் வகுத்திடுக. மூடுபனியும் அட்டைக்கடியும் மூட்டைச் சுமையும் அதில் வரட்டும். களைப்புக்கு மூன்று படிகள் போதும். தோழர் ஒருவர் சுமையைப் பகிர்ந்தால் ஒரு படி குறையும் என்றொரு விதியையும் சேர்த்திடுக. ஆட்டத்தில் பழகிய அவ்விதி நம் வகுப்பறைக்கும் வந்து சேரும் என்பது எமது நம்பிக்கை.