ஒரு கிருமி... நூறு சட்டை!

"நிமோனியா ஊசி ரெண்டு தடவை தவறாமப் போட்டோம்க்கா. அப்படியும் புள்ளைக்கு நிமோனியான்னு நாலு நாள் ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்க. அப்புறம் எதுக்கு அந்த ஊசி? ஒன்பதாம் மாச ஊசிக்கு நான் போகப் போறதில்ல!"

பக்கத்து வீட்டு மருமகள் போன வாரம் இப்படிச் சொன்னாள். கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியில் தூங்காமல் கிடந்தவளின் கோபம் நியாயமானதுதான். ஆனால், அவள் எடுத்த முடிவு சரியல்ல. ஏன் என்று பார்ப்போம்.

சர்க்கரைச் சட்டை

நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான பாக்டீரியாக்களில் ஒன்று நிமோகாக்கஸ். பல குழந்தைகளின் மூக்கு, தொண்டையில் சாதுவாகக் குடியிருக்கும். நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்குப் போனால் மூளைக்காய்ச்சல்.

இந்தக் கிருமி தன்னைச் சுற்றி ஒரு சட்டை போட்டிருக்கும். சர்க்கரை மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துச் செய்த வழவழப்பான உறை அது. நம் ரத்த வெள்ளை அணுக்கள் பிடிக்க வந்தால் நழுவிவிடும். உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் கண்டு எதிர்ப்பு சக்தியை உருவாக்கினால்தான் கிருமி மாட்டும்.

சிக்கல் என்னவென்றால், நிமோகாக்கஸிடம் நூறு விதத்துக்கும் மேலான சட்டைகள் இருக்கின்றன. ஒன்றை எதிர்க்கப் பழகிய உடம்பு, பெரும்பாலும் இன்னொன்றைக் கண்டால் ஏமாந்துபோகும். அதனால்தான் விஞ்ஞானிகள் சட்டையை வைத்தே இவற்றை வகை பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். நெருங்கிய சொந்தங்களுக்கு ஒரே எண், கூடவே ஓர் எழுத்து: 6ஏ, 6பி, 19ஏ, 19எஃப்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1902ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரெட் நியூஃபெல்ட் ஒரு வழி கண்டார். குறிப்பிட்ட வகைக்கென்று தயாரித்த எதிர்ப்பு சீரத்தில் கிருமியைக் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். வகை பொருந்தினால் கிருமியைச் சுற்றியுள்ள உறை உப்பியதுபோலத் தெளிவாகத் தெரியும். பொருந்தாவிட்டால் ஒன்றும் நடக்காது.

ஆன்டிபயாடிக் இல்லாத அந்தக் காலத்தில் இது உயிர் காக்கும் சோதனை. நோயாளியின் சளியில் இருப்பது எந்த வகை என்று பார்த்து, அதற்கான சீரத்தை ஊசியில் ஏற்றினார்கள். வகை மாறினால் பலன் இருக்காது.

இன்று மரபணுச் சோதனையிலும் வகை பார்க்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த ஆய்வகம் இருக்கிறது.

ஊசிக்குள் இருப்பது என்ன?

தடுப்பூசியில் முழுக் கிருமி கிடையாது. இந்தச் சட்டைகளின் துணுக்குகள்தான். சர்க்கரையை மட்டும் கொடுத்தால் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் உடம்பு சரியாகக் கண்டுகொள்ளாது. அதனால் ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுக்கிறார்கள்.

நூறையும் ஓர் ஊசியில் அடைக்க முடியாது. அதிகம் தாக்கும் வகைகளைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2000ல் 7 வகைகளுக்கான ஊசி வந்தது. அந்த ஏழும் வெகுவாகக் குறைந்தன. ஆனால், ஊசியில் இல்லாத 19ஏ தலைதூக்கியது. வகை பிரித்துக் கண்காணித்ததால்தான் அது தெரிந்தது. 2010ல் 19ஏ-யையும் சேர்த்து 13 வகைகளுக்கான ஊசி வந்தது. 2020 டிசம்பரில் புனே சீரம் இன்ஸ்டிடியூட் அறிமுகப்படுத்திய ஊசியில் 10 வகைகள். அதிலும் 19ஏ உண்டு.

சரி, அந்தக் குழந்தைக்கு ஏன் வந்தது?

ஊசியில் இல்லாத வகையாக இருந்திருக்கலாம். வேறு பாக்டீரியாவோ வைரஸோ காரணமாக இருந்திருக்கலாம். ஊசியில் உள்ள வகைகூட அபூர்வமாகத் தப்பி வருவதுண்டு. எதுவாக இருந்தாலும், அடிக்கடி வந்து உயிரைப் பறிக்கும் வகைகளுக்கு எதிரான காவலை நாமே பாதியில் விலக்கிவிடக் கூடாது. ஒரு தடவை வந்துவிட்டதே என்று மற்ற வகைகள் குழந்தையை விட்டுவைக்காது.

அரசுத் திட்டத்தில் 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணைகள், மூன்றும் இலவசம். கடைசி ஊசிதான் எதிர்ப்பு சக்தியை நீண்ட நாள் நிலைக்க வைக்கும் பூஸ்டர்.

தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடமோ டாக்டரிடமோ கேளுங்கள். ஊசி போட்ட குழந்தையாகவே இருந்தாலும், வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பக்கத்து வீட்டுக் குட்டிக்கு அடுத்த புதன்கிழமை ஊசி. நானும் கூடப் போகிறேன்.