குழந்தையின் கட்டியை இரண்டு பேர் பார்க்கட்டும்!

சிறுநீரகத்துக்குள் தசை வளருமா? குருத்தெலும்பு? கொழுப்பு? கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் கட்டியில் இவை எல்லாமே இருக்கலாம். கருவில் சிறுநீரகமாக உருவாக வேண்டிய செல்கள் பாதை மாறிப்போவதால் வருவது இது. 1899-ல் இதைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மன் மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸின் பெயரே நிலைத்துவிட்டது. பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும்.

இதில் ஒரு விசித்திரம். தசை போன்ற முதிர்ந்த திசு நிறைய உள்ள கட்டி, கீமோதெரபி கொடுத்தும் சுருங்காமல் நிற்கும். பெற்றோர் பதறுவார்கள். ஆனால் அது பெரும்பாலும் சாதுவான வகை! மாறாக, மருந்துக்குப் பிறகு மிஞ்சியதில் முதிராத செல்களே அதிகம் என்றால்தான் கவலை. ஆக, கட்டியின் அளவு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மைக்ரோஸ்கோப்தான் சொல்லும்.

அங்கேயும் ஏமாற இடமுண்டு. கிளியர் செல் சர்கோமா, ராப்டாய்டு கட்டி இரண்டும் பார்வைக்கு வில்ம்ஸ் மாதிரியே தோன்றலாம். இரண்டும் வேறு நோய்கள், வேறு மருந்துகள். முதலாவது எலும்புக்குப் பரவக்கூடியது. டாக்ஸோரூபிசின் சேர்த்த பிறகே அதில் பிழைப்பவர்கள் அதிகமானார்கள். இரண்டாவதில் ஐஎன்ஐ1 என்ற புரதம் இருக்காது. அதைத் தனிச் சாயப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். வில்ம்ஸ் கட்டியிலேயே அனப்ளேசியா என்ற மோசமான மாற்றம் ஒரு மூலையில் மட்டும் ஒளிந்திருக்கலாம். அதனால்தான் கட்டியின் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு துண்டாவது எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இவ்வளவு சிக்கலான விஷயத்தை ஒரே ஒருவரின் கண்ணை நம்பி விடலாமா? சின்னக் கம்பெனியின் கணக்கைக்கூட ஒருவர் எழுத, இன்னொருவர் தணிக்கை செய்கிறார். எழுதியவர் திருடர் என்பதால் அல்ல, மனிதர் என்பதால். அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய தேசிய வில்ம்ஸ் கட்டி ஆய்வில், பல ஊர் ஸ்லைடுகளை ஒரே மையத்தில் மறுபடி பார்த்தார்கள். நல்ல வகை எது, கெட்ட வகை எது என்று பிரித்தறிய முடிந்ததே அப்படித்தான்.

நாள் கடந்துவிடாதா என்று கேட்கலாம். இன்று ஸ்லைடை ஸ்கேன் செய்து உடனே அனுப்பலாம். செலவும், தவறான மருந்துக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அற்பம்.

எனவே குழந்தைகளின் சிறுநீரகக் கட்டி எதுவானாலும் இரண்டாவது நிபுணர் பார்ப்பது சலுகையாக இல்லாமல் விதியாகவே இருக்கவேண்டும். அதுவரை பெற்றோர் ஒன்று செய்யலாம்: ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தவறே இல்லை.