படுவான்கரைப் பொழுது

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், மேற்கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. படும் பக்கம் மற்றொன்று. பழுகாமம் படுவான்கரையைச் சேர்ந்த ஊர். பொழுது படும் பக்கத்தில் பிறந்தோமே என்று அங்கு எவரும் வருந்தியதாக நாம் கேட்டதில்லை. நெல் விளையும் பக்கமும் அதுவே அன்றோ!

திரௌபதை அம்மன் கோயில் கொண்ட அவ்வூரிலே பாரதம் வெறுங் கதையன்று, வழிபாடு. அந்தப் பாரதத்தில் யயாதி என்றோர் அரசன் வருகிறான். சுக்கிரரின் சாபத்தால் மூப்படைந்த அவன், தன் மைந்தர் ஐவரிடமும் இளமையை இரந்தான். நால்வர் மறுத்தனர். இளையவனான பூரு ஈந்தான். ஆயிரம் ஆண்டு இன்பம் துய்த்தும் மன்னனுக்கு ஆசை தீரவில்லை. இறுதியில் இளமையை மகனிடம் மீள அளித்து, அரசையும் கொடுத்துக் காடேகினான். பாண்டவரோ, எவரும் கேளாமலே பரீட்சித்துக்கு முடிசூட்டிவிட்டுத் திரௌபதையுடன் வடதிசை நோக்கி நடந்தனர்.

மட்டக்களப்புத் தமிழரின் பழைய வழக்கம் ஒன்று இவ்விடத்து நினைவுக்கு வருகிறது. அங்கே மகளுக்கு வீடே சீதனம். மகள் மணமுடித்தபின், பெற்றோர் தாம் பாடுபட்டுக் கட்டிய வீட்டை அவளுக்கு விட்டு, அதே வளவிலோ அயலிலோ சிறு வீடொன்றுக்குப் பெயர்வர். அடுத்த மகளுக்கும் அவ்வாறே. (ஏழைத் தந்தைக்கு இம்முறை பெருஞ்சுமை என்பதை நாம் மறுக்கவில்லை.) நல்ல வீட்டை உயிரோடிருக்கும்போதே கொடுத்துப் பழகியவருக்கு, கடைசிப் பெயர்ச்சி அத்துணை அச்சம் தருவதில்லை போலும். பேரப்பிள்ளைகள் அவ்வீட்டு முற்றத்தில் விளையாடுவதை அவர்கள் அருகிருந்தே காண்கின்றனர்.

ஆயின், 1983 முதல் 2009 வரை நீண்ட போரிலே படுவான்கரை தன் பிள்ளைகள் பலரை இழந்தது. கொடுக்கப் பொருள் இருந்தும், பெற்றுக்கொள்ளக் கையில்லாத முதியோர் அங்கு உளர். மூப்பை மகிழ்ந்து ஏற்பீர் என்று அவர்களுக்கு உபதேசிக்க நமக்கு நா எழவில்லை. அவர்களை வாட்டுவது மரண பயமன்று. முன்பின் மாறிப்போன முறைமை.

மாணவர்களே, அத்தகைய முதியவர் ஒருவர் உங்கள் அயலில் இருப்பாராயின், மாலையில் சிறிது நேரம் அவர் அருகே சென்று அமருங்கள். எந்த வயலுக்கு எந்த நெல் ஏற்றது, வாய்க்காலில் எப்பொழுது நீர் திருப்பவேண்டும் என்றெல்லாம் கேளுங்கள். கையிலே ஒரு கொப்பியும் இருக்கட்டும்.