இருதயக் கணக்கு

கணபதியில் பம்பு மோட்டாரின் அழுத்தத்தை அளந்து பார்ப்பதை யாரும் குறை சொல்வதில்லை. மனிதரின் இரத்த அழுத்தத்தை அளக்க வந்தால் மட்டும், "எனக்கென்ன வியாதி?" என்று கோபம் வருகிறது!

உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த கணக்கெடுப்பில் மூன்று படிகள் உண்டு: புகையிலை, உணவு, உழைப்பு பற்றிய கேள்விகள், எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், பிறகு இரத்தப் பரிசோதனை. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கின்படி, இரத்தக் கொதிப்புள்ளவர்களில் 100-க்கு 8 பேருக்குக்கூட அது கட்டுக்குள் இல்லை. மருந்தை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் தொடங்கியது.

கணக்கெடுப்போர் வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். திடகாத்திரர் மறுத்தாலும் சரி, நோயாளி மறைத்தாலும் சரி, கணக்குப் பொய்த்துவிடும். பொய்க் கணக்கை நம்பி மருந்து அனுப்பினால், அது வேண்டியவரைச் சேருமா? ஆகவே நேயர்களே, அளவு நாடாவுடன் வருபவருக்கு நாம் கதவைத் திறப்போம். உள்ளதை உள்ளபடி சொல்வோம்.