வாடிய தென்னையும் வாடாத தென்னையும்

தென்னை வாடக் கண்டவுடன் உடையவர் செய்வது யாது? ஒரு மட்டையை வெட்டிப் பார்க்கிறார். அதில் பூச்சியோ பூசணமோ தென்பட்டால், குற்றவாளி அகப்பட்டான் என்று கருதி, அன்றே மருந்து வாங்கப் புறப்படுகிறார். இவ்வழக்கம் பெரும் பணநஷ்டத்திற்கு இடமாவது என்பதே நமது அபிப்பிராயம். நோயுற்ற மரத்தை மட்டும் சோதிப்பது, வழக்கில் ஒரு கட்சியை மட்டும் விசாரித்துத் தீர்ப்புக் கூறுவதை யொக்கும்.

செழித்து நிற்கும் தென்னையும் தனித்து வாழ்வதன்று. அதன் முதிர்ந்த மட்டைகளில் சாம்பற் புள்ளிகளை உண்டாக்கும் பூசணமும், கீற்றினடியில் செதிற் பூச்சிகளும், எறும்பு, சிலந்தி முதலியவையும் குடியிருக்கக் காணலாம். ஆகவே, நோயுற்ற மரத்தில் ஒரு ஜந்து இருப்பதனால் மாத்திரம் அதுவே நோய்க்குக் காரணமென்று கொள்ளலாகாது.

இதற்குக் கேரள வேர்வாடல் வியாதியே தக்க உதாரணம். 1882-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் ஈராற்றுப்பேட்டைப் பக்கத்தில் காணப்பட்ட இவ்வியாதிக்கு, வேரிலும் குருத்திலும் கண்ட பூசணங்களே காரணமென்று நெடுங்காலம் ஐயுற்றனர். முடிவில், 1983-இல், எலெக்ட்ரான் பூதக்கண்ணாடியின் உதவியால், மரத்தின் சாறோடும் குழாய்களில் வாழும் பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் கண்டறியப்பட்டது. குருத்தை அழுகச் செய்யும் பூசணங்களோ, பலங்குன்றிய மரத்தில் பின்னர் வந்தேறியவையே. அந்நுண்ணுயிரை மரத்துக்கு மரம் சுமந்து செல்வன கண்ணாடி இறக்கைப் பூச்சியும் ஒருவகைத் தத்துப் பூச்சியுமாம். இவை நல்ல மரத்திலும் காணப்படுவன. எனவே, எங்கும் காணப்படுவது நிரபராதி என்று எண்ணுவதும் பிழையே.

பூசணம் மெய்யாகவே குற்றவாளியாகும் வியாதியும் உண்டு. 1952-இல் தஞ்சையில் கண்ட வாடல் நோய், கானோடெர்மா என்னும் காளானால் விளைவது. அடிமரத்தில் செம்பழுப்பு நீர் வடிவது அதன் அடையாளம். அதற்குச் செய்யவேண்டுவது, நோயுற்ற மரத்தைச் சுற்றிக் குழிவெட்டிப் பிரித்தலும், வேப்பம்பிண்ணாக்கு இடுதலுமாம். வேர்வாடலுக்கோ மருந்தே இல்லை. அது புதிதாகத் தோன்றும் இடத்தில் நோயுற்ற மரங்களை அகற்றுதலும், சாவக்காட்டுப் பச்சைக் குட்டை போன்ற எதிர்ப்புச் சக்தியுள்ள வகைகளை நடுதலுமே வழி. ஒன்றை மற்றொன்றென மயங்கினால், பணமும் போய், அடுத்த மரமும் வாடும்.

ஆதலால் மிராசுதார்கள், வாடிய மரம் ஒன்றைச் சோதிக்கும்போது, அதே தோட்டத்தில் அதே வயதுள்ள நல்ல மரம் ஒன்றையும் குருத்து முதல் வேர்வரை சோதித்து, இரண்டிலும் கண்டவற்றைக் குறித்து வைப்பார்களாக. கிராம உத்தியோகஸ்தர்களும் வியாதியைப் பற்றி எழுதும்போது இவ்விரு குறிப்புகளையும் சேர்த்து அனுப்புவது நலம். இதற்காகும் செலவு அரைநாட் பொழுதே. இதைச் செய்யாமையால் நேரும் நஷ்டமோ ஒரு தோப்பாகவும் இருக்கலாம்.