'ஸ்கேன் நார்மல்' என்றதோடு நின்றுவிடலாமா?

காது கேளாத குழந்தையுடன் வரும் பெற்றோர் பலர் எங்கள் மேசையில் முதலில் வைப்பது எம்.ஆர்.ஐ. படங்கள் அடங்கிய உறையைத்தான். "மூளையில் கோளாறு ஏதுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்னும்போது அவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதியைக் கலைக்க எங்களுக்கும் மனம் வருவதில்லை. ஆயினும் அந்த நிம்மதியே சில குழந்தைகளின் அரிய காலத்தை வீணாக்கிவிடுகிறது.

இப்படம் தேவையற்றது என்று நாங்கள் கூறவில்லை. காக்ளியர் கருவி பொருத்துமுன், உள்காதின் நத்தைச்சுருள் சரிவர அமைந்துள்ளதா, செவி நரம்பு இருக்கிறதா என்றறிய அது வேண்டும். மூளையின் வெண்பகுதியில் மாற்றம் தென்பட்டால் எங்கள் தேடலின் திசையே மாறும். ஆனால் காதையும் கண்ணையும் சேர்த்துப் பாதிக்கும் பரம்பரை நோய்களுள் முதன்மையான அஷர் நோயில் படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். பழுது இருப்பது உள்காதின் மயிரணுக்களிலும் விழித்திரையின் ஒளியுணர் அணுக்களிலும். அத்துணை நுண்ணிய பழுதை எம்.ஆர்.ஐ. காட்டாது.

இந்நோயின் முதல் வகையில் குழந்தை பிறவியிலேயே கேட்பதில்லை. உடற்சமநிலை உறுப்பும் இயங்காததால் 18 மாதம் கடந்தே நடக்கத் தொடங்கும். 'சில பிள்ளைகள் மெதுவாகத்தான் நடக்கும்' என்று வீட்டுப் பெரியவர்கள் தேற்றுவார்கள். பெரும்பாலும் 10 வயதுக்குள் மாலைக்கண் தோன்றும். அப்போது கேரட்டும் கீரையும் கொடுத்துப் பார்ப்பார்கள். விழித்திரையின் மின் எதிர்வினையைப் பதியும் ஈ.ஆர்.ஜி. சோதனையும், இரத்தத்தில் செய்யும் மரபணுப் பரிசோதனையும் இதை முன்கூட்டியே உணர்த்தக்கூடியவை.

முன்கூட்டி அறிந்து ஆவதென்ன என்று கேட்பவர்கள் உண்டு. பார்வை மங்கப்போகும் குழந்தைக்கு உதட்டசைவும் சைகையும் நெடுநாள் கைகொடுக்கா. செவிவழி மொழியே துணை. தொடக்க ஆண்டுகளில் ஒலி எட்டாத மூளையில், கேட்டலுக்குரிய பகுதி வேறு பணிகளுக்குத் திரும்பிவிடும். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்டோர்க்குக் கருவி கிடைக்கிறது. அதற்காக ஆறாம் வயதுவரை காத்திருப்பது சரியன்று. மயக்க மருந்து கொடுத்து மீண்டும் மீண்டும் ஸ்கேன் எடுப்பதில் மாதங்களைக் கழிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இதில் மருத்துவர்களாகிய எங்கள் பிழையும் உண்டு. 'நார்மல்' என்றெழுதி அனுப்பும் நாங்கள், கண் பரிசோதனைக்கும் அப்போதே எழுதித்தர வேண்டும்.

இன்னொன்று. 'யார் வழியில் வந்தது?' என்ற கேள்வியில் தாயே குற்றவாளியாக்கப்படுவதைக் காண்கிறோம். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால்தான் இந்நோய் உண்டாகும். ஒவ்வொரு பேற்றிலும் வாய்ப்பு 25 விழுக்காடு. சொந்தத்தில் மணமுடித்தோர் அடுத்த பேற்றுக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுதல் நலம்.

கருவி பொருத்திய குழந்தைக்குப் பின்னாளில் எக்காரணத்துக்கேனும் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், உள்ளே காந்தம் இருப்பதை முதலிலேயே தெரிவியுங்கள். கருவியின் அடையாள அட்டை எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும்.