மூன்றாவது கணிப்பொறி எதற்கு?

இரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, தேர்வு மதிப்பெண் யாவும் இன்று கணிப்பொறிகளில்தான் பதிந்து வைக்கப்படுகின்றன. அப்பதிவேடு ஒரே ஒரு கணிப்பொறியில் இருந்து, அது பழுதானால் என்ன ஆகும்? வேலை அத்தனையும் நின்றுவிடும். ‘அதே போல் இன்னொன்றை வாங்கி வைத்தால் போயிற்று’ என்று நீங்கள் சொல்லக்கூடும். அது பாதி விடைதான் என்பது என் கருத்து.

முதல் கணிப்பொறியை ‘அ’ என்போம். அதன் நகலை வைத்திருப்பது ‘ஆ’. ‘நான் நலம்’ என்று அ இடைவிடாமல் ஆ-வுக்குச் சைகை அனுப்புகிறது. பொறியாளர்கள் இதை இதயத்துடிப்பு என்பர். ஒருநாள் சைகை நின்றுவிடுகிறது. அ பழுதாகிவிட்டதா, நடுவிலுள்ள கம்பி அறுந்துவிட்டதா? ஆ-வினால் சொல்ல முடியாது. இரண்டிலும் அதற்குக் கிடைப்பது ஒரே மௌனம்தான். கம்பி மட்டும் அறுந்திருக்கும்போது ஆ பொறுப்பேற்றால், இரண்டும் தனித்தனியே முன்பதிவு செய்யும். ஒரே படுக்கை இருவருக்குப் போய்விடும்! பிறகு எந்தப் பதிவேட்டை உண்மை என்பது?

இதற்குத் தீர்வு எளிய எண்கணிதமே. மூன்றாவதாக ‘இ’ என்ற கணிப்பொறியைச் சேருங்கள். அது நகல்கூட வைத்திருக்க வேண்டியதில்லை, வாக்களித்தால் போதும். மூன்றில் இரண்டு வாக்கு பெற்றதே பதிவேட்டில் எழுதலாம் என்பது விதி. மூன்றுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பெரும்பான்மைகள் இருக்க முடியாதல்லவா? தனித்து விடப்பட்ட கணிப்பொறி, தான் நலமாக இருந்தாலும், எழுதுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். இத்தகைய முறைகளுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான லெஸ்லி லாம்போர்ட், 2013-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார்.

வாக்கு முறை இருந்தாலும் ஒரு சிக்கல் எஞ்சும். அது இயற்பியல் தரும் சிக்கல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கி.மீ. செல்கிறது. 4,000 கி.மீ. தொலைவுக்குப் போய்த் திரும்ப 0.04 நொடி ஆகும். ஒவ்வொரு பதிவுக்கும் அவ்வளவு நேரம் காத்திருந்தால் வேலை மந்தமாகும். ஆகவே தொலைதூர நகலுக்குக் காத்திராமலே எழுதிக்கொண்டு போவது பல இடங்களில் வழக்கம். நகல் எப்போதும் சிறிது பின்தங்கியே இருக்கும்.

இதன் விளைவை 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனம் கண்டது. கணிப்பொறி நிரல்களைச் சேமித்து வைக்கும் அமெரிக்க நிறுவனம் இது. அதன் கிழக்குக் கரை நிலையத்தின் இணைப்பு வெறும் 43 நொடிகள் அறுந்தது. வாக்கு முறைப்படி மேற்குக் கரைக் கணிப்பொறிகள் பொறுப்பேற்றன. ஆனால் கிழக்கில் கடைசிச் சில நொடிகளில் எழுதப்பட்டவை மேற்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. ஒரு தொகுதியில் மட்டும் அவை 954 பதிவுகள். நிறுவனம் அவசரப்படவில்லை. சில சேவைகளை வேண்டுமென்றே நிறுத்திவைத்து, பதிவேடுகளைச் சீர்செய்தது. சேவை முழுமையாகத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

‘43 நொடிக்கு ஒரு நாளா?’ என்று கேட்பவர் உண்டு. அவர்கள் செய்ததே சரி என்பேன் நான். தாமதமாக வரும் மதிப்பெண் பட்டியலை மாணவர் பொறுத்துக்கொள்வார். தவறான மதிப்பெண் அவர் வாழ்வையே திருப்பிவிடும். எந்நேரமும் விடை சொல்வது மட்டும் நம்பகம் ஆகாது. உறுதியில்லாதபோது பேசாமல் இருப்பதும் நம்பகத்தின் ஒரு பகுதியே. நம் பதிவுகளைக் காக்கும் அலுவலகங்களிடம் ‘இரண்டாவது கணிப்பொறி உண்டா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘இரண்டுக்கும் தொடர்பு அறுந்தால் எது நிற்கும்? அதைச் சோதித்துப் பார்த்தீர்களா?’ என்றும் கேட்க வேண்டும்.

இப்போது நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். மூன்று கணிப்பொறிகளில் ஒன்று பழுதானாலும் பெரும்பான்மை எஞ்சும். நான்கு இருந்தால் எத்தனை பழுதுகளைத் தாங்கலாம்? ஐந்து இருந்தால்? பொறியாளர்கள் ஏன் பெரும்பாலும் ஒற்றைப்படை எண்ணையே விரும்புகிறார்கள் என்பது உங்களுக்கே விளங்கும்.